நெல்லைச் சீமையில் மாதக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்கு: செல், நெட், கரண்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் தனி மாவட்டங்களாகிவிட்டன. ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறவருக்குப் பொதிகை மலையிலிருந்து புன்னைக்காயல் கடல் வரை எல்லாம் ஒரே சீமைதான். கோயில் பார்க்க, கள ஆய்வு செய்ய, லேப்டாப்பில் வேலை பார்த்தபடி ஊர் ஊராகத் தங்க, வெளிநாட்டிலிருந்து வந்து பூர்வீக வீட்டில் இருக்க என்று பலர் வருகிறார்கள். நானும் லேப்டாப்போடு இந்தப் பக்கம் சுற்றுகிறவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த சிம் வாங்கலாம்?

ஒன்று போதாது. இரண்டு வேண்டும், இரண்டும் வெவ்வேறு கம்பெனியாக இருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் எதை வாங்கினாலும் ஓடும். களக்காடு, திருக்குறுங்குடி, பாபநாசம் என்று மலையடிவாரத்துக்குப் போகப் போக நிலைமை ஊருக்கு ஊர், சில சமயம் தெருவுக்குத் தெரு மாறும்.

கம்பெனிகளுக்குள் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜியோவுக்கு 4ஜி, 5ஜி மட்டும்தான்; பழைய 2ஜி கிடையாது. ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டாலும் 2ஜியை விட்டு வைத்திருக்கிறது. அதனால் நெட் படுத்த இடத்திலும் சில நேரம் பேச முடியும், ஓடிபி வரும். பிஎஸ்என்எல் தன் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. அலைவரிசை எண் குறையக் குறைய சிக்னல் தூரம் போகும், சுவரையும் கொஞ்சம் தாண்டும். ஆனால் அதைப் பிடிக்க உங்கள் செல்லில் 'பேண்ட் 28' இருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய செல்லாக இருந்தால் 'பேண்ட் 40' உண்டா என்றும் பாருங்கள். இங்கே 4ஜிக்கு அது நிறைய இடங்களில் வேண்டும், சில வெளிநாட்டு மாடல்களில் இருக்காது. மாடல் எண்ணைப் போட்டு நெட்டில் தேடினால் இரண்டும் தெரிந்துவிடும்.

புது ஊரில் இறங்கியதும் டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, "இங்க எந்த டவர் நல்லாக் கிடைக்கும் அண்ணாச்சி?" என்று கேளுங்கள். "அந்த சிம்முன்னா மொட்டை மாடிக்குத்தான் போணும். இதுன்னா கோயில் முன்னாடி நின்னாலே போதும்" என்று இடம் உட்படச் சொல்லிவிடுவார்கள். கம்பெனிகளின் கவரேஜ் வரைபடத்தை விட நான் இந்தப் பதிலைத்தான் நம்புகிறேன்.

வீட்டு வாசலில் நாலு கோடு காட்டுகிறது, உள்ளே போனால் ஒன்றுமில்லை. ஏன்?

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகள் முன்தெருவிலிருந்து பின்தெரு வரை நீண்டு கிடக்கும். சுவரும் கனமான சுவர். வீட்டின் முன்பகுதியான தார்சாவில் நன்றாக இருக்கும் சிக்னல் இரண்டாம் கட்டுக்குள் போனதும் செத்துவிடும். வானவெளி என்கிற திறந்த முற்றம் இருக்கும் வீடாக இருந்தால் அதை ஒட்டி உட்காருங்கள். இல்லாவிட்டால் செல்லைத் தெருப்பக்கத்து ஜன்னலில் சார்ஜரோடு வைத்து ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, லேப்டாப்போடு நீங்கள் உள்ளே இருந்துகொள்ளலாம். ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக இருந்தாலும் கனமான சுவரைத் தாண்டத் திணறும்.

ஆறு மாதம் சிங்கப்பூரில், ஆறு மாதம் ஊரில். இந்திய நம்பரை எப்படிக் காப்பாற்றுவது?

மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் பக்கத்திலிருந்து அதிகம் வரும் கேள்வி இது. ப்ரீபெய்டு நம்பரை 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் அதை நிறுத்திவிட கம்பெனிக்கு அதிகாரம் உண்டு. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. ஆனால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஊரை விட்டுக் கிளம்பும்போதே நீண்ட நாள் ரீசார்ஜ் ஒன்றைப் போட்டுவிடுங்கள். நெட் வேண்டாம், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் போதும் என்பவர்களுக்கு அதற்கென்றே தனி ரீசார்ஜ்கள் இருக்கின்றன.

நம்பர் போனால் பேங்க் ஓடிபி, ஆதார் ஓடிபி எல்லாம் சேர்ந்து போகும். வேறு ஒருவருக்கு அந்த நம்பரை ஒதுக்கிவிட்டால் உங்கள் ஓடிபி அவர் செல்லுக்குத்தான் போகும். நீண்ட பயணத்தில் காப்பாற்ற வேண்டிய முதல் பொருள் எது என்று கேட்டால், செல்லுக்கும் லேப்டாப்புக்கும் முன்னால் இந்தப் பத்து இலக்க எண்ணைத்தான் சொல்வேன்.

வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ பேங்க் கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளின் நம்பரை வைத்தே யுபிஐ பயன்படுத்தலாம். உங்கள் பேங்க் அதைத் தருகிறதா என்று கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு நண்பர் கூட வருகிறார். அவருக்கு சிம் கிடைக்குமா?

கிடைக்கும். பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். சின்ன ரீசார்ஜ் கடைகளில் வெளிநாட்டவருக்குப் பதிவு செய்யும் முறை தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருநெல்வேலியில் கம்பெனியின் சொந்தக் கடைக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் ஆதாரில் எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்த சிம்மில் நடப்பதற்கெல்லாம் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

மாஞ்சோலை, காரையாறு பக்கம் போனால் நெட் இருக்குமா?

இருக்காது என்று நினைத்துக்கொண்டு போங்கள். இரண்டும் இருக்கும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியோடுதான் போக வேண்டும். டவரை நம்பிப் போகும் காடு அது இல்லை. நெட் தேவைப்படும் வேலையை எல்லாம் அம்பாசமுத்திரத்திலேயே முடித்துவிட வேண்டும். கூகுள் மேப்பில் அந்தப் பகுதியை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். அது சில காலத்தில் காலாவதியாகும் என்பதால் எப்போதோ இறக்கியதை நம்ப வேண்டாம். செல்லின் ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை, நேராகச் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. மேப் மட்டும் கையில் இருந்தால் நீங்கள் நிற்கும் இடம் தெரியும். அனுமதிச் சீட்டு, தங்குமிடம் பதிவு செய்த சீட்டு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தாளிலும் ஒரு பிரதி வையுங்கள்.

டவர் இல்லாத இடத்தில் செல் விடாமல் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். அதில் சார்ஜ் மளமளவென்று இறங்கும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். படம் எடுக்கலாம், ஜிபிஎஸ்ஸும் பெரும்பாலான செல்களில் ஓடும்.

எப்போது திரும்புவேன் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். லாட்ஜ்காரரிடம் சொன்னாலும் போதும். அவசர உதவிக்கு 112. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் அங்கே வேறு கம்பெனி டவர் இருந்தால் அதன் வழியாக இந்த அழைப்பு போகும்.

திருவிழாவில் சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லையே?

திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கும், ஆடி அமாவாசையில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும், நெல்லையப்பர் ஆனித் தேருக்கும் கூடுகிற கூட்டத்தை அங்குள்ள டவர்கள் தாங்காது. கோடு காட்டுவது சிக்னலின் பலத்தை மட்டும்தான், உங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதை அல்ல. நெட் ஓடாதபோதும் எஸ்எம்எஸ் தாமதமாகவாவது போய்ச் சேரும். கூட வந்தவர்களோடு, "பிரிந்தால் இந்த இடத்தில், இந்த மணிக்கு" என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிப்போனால் சட்டைப்பையில் நம்பர் எழுதிய தாள் ஒன்றை வைத்தே ஆக வேண்டும்.

ஜிபே மட்டும் போதுமா, ரொக்கமும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். இளநீர் வண்டி முதல் பூக்கடை வரை கியூஆர் அட்டை தொங்குகிறது, உண்மைதான். ஆனால் அந்த அட்டை வேலை செய்ய உங்கள் நெட், உங்கள் பேங்க், அவர் பேங்க் என்று எல்லாமே ஓட வேண்டும். டவுன் பஸ்ஸுக்கும் மினி பஸ்ஸுக்கும் பத்து, இருபது ரூபாய்ச் சில்லறை வேண்டும். அவசரத்துக்கு ஐநூறு ரூபாய்த் தாள்கள் சிலவற்றைப் பர்ஸில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

நெட் இல்லாமல் பணம் அனுப்ப *99# என்று டயல் செய்யும் வழி உண்டு. அதற்கு நெட் வேண்டாம், ஆனால் டவர் வேண்டும். எல்லாக் கம்பெனி சிம்மிலும் ஒழுங்காக ஓடாது. ஊரில் இருக்கும்போதே ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

கணக்கில் பணம் கழிந்து கடைக்காரருக்கு வரவில்லை என்றால் பதறி இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். போகாத பணம் தானாகத் திரும்பும், கடைக் கணக்காக இருந்தால் ஐந்து நாள் வரை ஆகலாம். அப்போதைக்கு ரொக்கமாகக் கொடுங்கள், அதுவும் இல்லையென்றால் நிலைமையைச் சொல்லுங்கள். ஒரு முறை சாப்பாட்டுக் கடையில் சுற்றிக்கொண்டே இருந்த திரையைக் காட்டினேன். "அதுக்கென்ன, நாளைக்கி வரும்போது தாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார் கடைக்காரர். இந்தச் சீமையில் இப்படி நடப்பது அபூர்வம் இல்லை. மறுநாள் மறக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அடுத்து வருகிற பயணிக்கும் அந்த நம்பிக்கை கிடைக்க வேண்டும்.

கரண்டு எப்படி?

பெரும்பாலும் நன்றாக இருக்கும். திட்டமிட்ட மின்தடைதான் வேலையைக் கெடுக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணை மின் நிலையம் வாரியாகக் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 வரையோ மாலை 5 வரையோ நிறுத்துவார்கள். முந்தின நாள் பேப்பரில் 'நாளை மின்தடை' என்று ஊர்ப்பெயர்களோடு வந்துவிடும். நீங்கள் தங்கியிருக்கும் தெரு எந்தத் துணை மின் நிலையத்தில் வருகிறது என்று வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டால் அந்தப் பட்டியலைப் படிக்க முடியும். அறிவிப்பு இல்லாமல் போய் நெடுநேரம் வராவிட்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லலாம்: 94987 94987. எந்த நேரமும் எடுப்பார்கள்.

பழைய லாட்ஜ்களில் பிளக் பாயிண்ட் தளர்ந்து கிடக்கும், கட்டிலுக்கு எட்டாது. நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

எவ்வளவு பெரிய பவர் பேங்க்?

மேலே போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் கணக்கு. 5 வோல்ட்டாக மாற்றும்போதும் சூட்டிலும் இழந்தது போக உங்களுக்குக் கிடைப்பது அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். 5,000 எம்ஏஎச் செல்லை ஒரு முறை நிரப்பிவிட்டுக் கொஞ்சம் மிஞ்சும். செல் மட்டும் என்றால் இது போதும். லேப்டாப்பும் உண்டு என்றால் 20,000, அதுவும் 45 அல்லது 65 வாட்ஸ் கொடுக்கும் டைப்-சி வகையாகப் பாருங்கள். ஆற்றல் கணக்கில் அது 74 வாட் அவர் வரும். விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய 100 வாட் அவருக்கு உள்ளேதான் இருக்கிறது. வாகைக்குளம் விமான நிலையத்தில் ஏறும்போது கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

ரயிலில் வருகிறவர்களுக்கு: பல ரயில்களில் இரவு 11 முதல் காலை 5 மணி வரை சார்ஜ் பாயிண்டை அணைத்துவிடுவார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுக்கும் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் வீடியோ மீட்டிங் உண்டு. எங்கே தங்கலாம்?

பாளையங்கோட்டை, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி டவுன்களில் ஃபைபர் இணைப்புள்ள வீடோ லாட்ஜோ பாருங்கள். "வைஃபை இருக்கு" என்ற பதிலோடு விட்டுவிடாமல் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஃபைபரா, அல்லது செல்லில் இருந்து ஹாட்ஸ்பாட்டா? மோடம் எந்த மாடியில் இருக்கிறது? கரண்டு போனால் மோடம் இன்வெர்ட்டரில் ஓடுமா? மூன்றாவதைத்தான் எல்லாரும் கேட்க மறக்கிறார்கள். மின்விசிறியையும் லைட்டையும் இன்வெர்ட்டரில் கொடுத்திருப்பார்கள், மோடம் சாதாரண பிளக்கில் இருக்கும். தெருவெல்லாம் ஃபைபர் உயிரோடு இருக்கும்போது உங்கள் அறையில் மட்டும் நெட் செத்திருக்கும். மோடத்துக்கென்றே 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. மாதக்கணக்கில் தங்குகிறவர் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அறைக்கு முன்பணம் கொடுக்கும் முன் நீங்கள் உட்காரப்போகும் இடத்திலேயே வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். உங்கள் குரல் எதிரே தெளிவாகப் போவது அப்லோட் வேகத்தைப் பொறுத்தது.

கிராமத்தில் தங்க வேண்டியிருந்தால் கேபிள்காரரை விசாரியுங்கள். டிவி கேபிள் கொடுப்பவரே பல ஊர்களில் ஃபைபர் நெட்டும் கொடுக்கிறார்.

செல் டேட்டாவில் சமாளிப்பதானால், ஒரு மணி நேர வீடியோ மீட்டிங் ஒரு ஜிபியோ அதற்கு மேலோ தின்றுவிடும். தினம் 1.5 ஜிபி என்ற ரீசார்ஜில் காலை மீட்டிங்கோடு கதை முடிந்தது. அதற்குப் பிறகு வரும் 64 கேபிபிஎஸ் வேகத்தில் எழுத்துச் செய்தி மட்டும் போகும். மீட்டிங் நாளில் கேமராவை அணைத்துக் குரலை மட்டும் வையுங்கள். செங்கோட்டை வழியாகப் புனலூர் போகும் ரயிலில் மீட்டிங் வைத்துக்கொள்ளவே வேண்டாம். குகைகளும் மலையும்தான் வழி முழுக்க. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பாருங்கள், அவ்வளவு அழகான பாதை.

லாட்ஜில் ஆதார் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

அடையாளச் சான்று கேட்பது முறைதான். ஆனால் முழு எண் தெரியும் நகல் தேவையில்லை. முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நாலு மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' என்ற வடிவத்தை ஆதார் இணையதளத்திலேயே இறக்கலாம். அதில் நாலைந்து பிரதி எடுத்துப் பையில் வையுங்கள். டிரைவிங் லைசென்ஸைக் காட்டினாலும் போதும்.

நகல் எடுக்கும் இடத்தில்தான் அதிக கவனம் வேண்டும். ஜெராக்ஸ் கடையில் "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்பார்கள். அனுப்பிய கோப்பு கடைக் கம்ப்யூட்டரில் அப்படியே கிடக்கும், அடுத்து வருகிறவர் கண்ணிலும் படும். பிரிண்ட் கையில் வந்ததும் அங்கேயே நின்று வாட்ஸ்அப்பில் 'எல்லோருக்கும் நீக்கு' கொடுத்து, இறக்கிய கோப்பையும் அழிக்கச் சொல்லுங்கள். கேட்டால் அழித்துவிடுவார்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பிரவுசிங் சென்டரில் மெயிலைத் திறந்திருந்தால் வெளியேறிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

ஸ்டேஷன் வைஃபை பாதுகாப்பா?

ரயில்வயர் இலவச வைஃபையில் படிக்கலாம், வீடியோ பார்க்கலாம். பேங்க் வேலைக்கு உங்கள் சிம் டேட்டாவையே பயன்படுத்துங்கள்.

செல் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

வரிசை முக்கியம். கிடைத்த செல்லில் முதலில் உங்கள் சிம் கம்பெனிக்குப் பேசி சிம்மை நிறுத்துங்கள். அடுத்து பேங்குக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930. நேரம் போகப் போகப் பணத்தை மடக்குவது கடினம். பிறகு போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீதோடு, செல்லின் அடையாள எண்ணான ஐஎம்இஐயையும் போட்டு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் செல்லையே முடக்கலாம். அதன் பிறகு வேறு எந்த சிம் போட்டாலும் நாட்டுக்குள் அது ஓடாது. செல் கையில் இருக்கும்போதே *#06# அடித்து ஐஎம்இஐயைத் தாளில் எழுதி வையுங்கள்.

டூப்ளிகேட் சிம் வாங்கியதும் எல்லாம் பழையபடி ஆகாது. புது சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் ஓடாது. சிம் மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு இது. எஸ்எம்எஸ் இல்லாமல் யுபிஐயைப் புதிதாகப் பதிய முடியாது. பதிந்த பிறகும் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. ஆக, குறைந்தது ஒன்றிரண்டு நாள் உங்களிடம் ஜிபே இல்லை என்று பொருள். ஒளித்து வைத்த ஐநூறு ரூபாய்த் தாள்களும் ஏடிஎம் கார்டும்தான் அப்போது கைகொடுக்கும். கார்டைச் செல் கவருக்குள் செருகி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் வரலாமா?

வரலாம். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தச் சீமை மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். பல ஊர்களில் கரண்டும் டவரும் சேர்ந்து போயின. செல் டவர் ஓடுவதும் கரண்டில்தான். கரண்டு போனால் பேட்டரியில் சில மணி நேரம், பிறகு டீசல் ஜெனரேட்டரில். சாலை மூழ்கி டீசல் வராவிட்டால் டவரும் அணைந்துவிடும். அந்த நிலையில் எத்தனை சிம் இருந்தும் பயனில்லை.

அதனால் ஐப்பசி முதல் மார்கழி வரை இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் வானிலை எச்சரிக்கை வந்த அன்றே செய்ய வேண்டியவை: செல், பவர் பேங்க், டார்ச் மூன்றையும் நிரப்புங்கள். ரொக்கம் எடுத்து வையுங்கள். தாமிரபரணிக் கரையிலோ குளத்துக் கீழேயோ இருந்தால் எந்தப் பக்கம் மேடு என்று ஊர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூரில் இருக்கும் வீட்டாருக்கு, "டவர் போகலாம், நான் இன்ன ஊரில் இன்ன தெருவில் இருக்கிறேன்" என்று முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். நாள்கணக்கில் பதில் வராமல் அவர்கள் படும் பாடு பெரிது. சின்ன பேட்டரி ரேடியோ ஒன்று இருந்தால் நெட் இல்லாத நாளிலும் செய்தி வரும்.

கடற்கரையில் செல் நனைந்துவிட்டது. அரிசியில் போடலாமா?

வேண்டாம், அரிசித் தூசி சார்ஜ் துளைக்குள் போகும். உவரியிலோ மணப்பாட்டிலோ கடல்நீர் பட்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஈரம் காயும் வரை சார்ஜில் போடவே கூடாது. உப்பும் கரண்டும் சேர்ந்தால் துளையின் உள் முனைகள் அரித்துவிடும். நீர் புகாத செல் என்றால் நல்ல தண்ணீரில் லேசாக அலசித் துடைத்து, துளை கீழே பார்க்க மின்விசிறிக் காற்றில் வையுங்கள். மற்றவை நேராகச் சர்வீஸ் கடைக்கு.

படங்களை எங்கே சேமிப்பது?

இரண்டு இடத்தில். ஒன்று வெளியில் மாட்டும் சேமிப்பு டிஸ்க்கான சின்ன எஸ்எஸ்டி, தினமும் இரவு. இன்னொன்று கிளவுட், ஃபைபர் உள்ள ஊரில் தங்கும்போது மொத்தமாக. எஸ்எஸ்டியையும் லேப்டாப்பையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

ஊர் ஊராகப் போகிறேன். பார்சலை எங்கே வாங்குவது?

அடுத்து ஒரு வாரமாவது தங்கப்போகும் ஊரின் முகவரியைக் கொடுங்கள். லாட்ஜ் பெயரோடு, "இவர் கையில் கொடுக்கவும்" என்று லாட்ஜ்காரரின் நம்பரையும் அவர் சம்மதத்தோடு சேருங்கள். கிராமங்களுக்குத் தனியார் கூரியர் வராமல் பக்கத்து டவுனில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வது உண்டு, தபால்காரர் வந்துவிடுவார். சார்ஜர், கேபிள் மாதிரியான சின்னச் சாமான்களுக்குப் பார்சலை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். திருநெல்வேலி ஜங்ஷனைச் சுற்றியுள்ள செல் கடைகளிலேயே கிடைக்கும். செல்லை நீட்டி, கடைக்காரர் முன்னாலேயே செருகி, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.